எழுத்து எண்ணும் கருவியை நம்புவதற்கு முன்

குன்னூரில் பஸ் நிலையத்திலிருந்து பெட்போர்டுக்கு ஏறும் வழியில் என் தட்டச்சுக் கடை இருக்கிறது. மனு, திருமண அழைப்பிதழ், இரங்கல் செய்தி, பள்ளிக் கட்டுரை என்று எதைக் கொண்டுவந்தாலும் அடித்துத் தருவேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் தொழில். முன்பெல்லாம் "எத்தனை பக்கம் வரும்?" என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்கள் "எத்தனை எழுத்து, எத்தனை சொல்?" என்று கேட்கிறார்கள். இணையத்தில் எல்லாவற்றுக்கும் அளவு வைத்துவிட்டார்கள்.

போன ஐப்பசி மழையில் ஒரு மாணவி நனைந்துகொண்டே கடைக்கு வந்தாள். கீழே உள்ள ஒரு ஹட்டியைச் (படகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சேர்ந்தவள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நீலகிரி மலை ரயிலைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதியிருந்தாள். இணையப் படிவத்தில் 1000 எழுத்துகளுக்குள் என்று போட்டிருந்தது. அவள் கோடு போட்ட நோட்டில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளிகளையும் சேர்த்து எண்ணியிருந்தாள். 900 வந்தது. நூறு மிச்சம் இருக்கிறதே என்ற நிம்மதியோடு அப்பாவின் போனில் தட்டி அனுப்பினாள். அனுப்பியதற்கு வந்த நகலைப் பார்த்தால், கடைசி மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. பெட்டி நிரம்பியதும் படிவம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மீதியை வெட்டிவிட்டது. வெட்டுப்பட்டது அவளுடைய தாத்தாவைப் பற்றிய பகுதி. மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர் அவர்.

"நான் தப்பாக எண்ணிவிட்டேனா அக்கா?" என்று கேட்டாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட அவள் தவறவில்லை. படிவம் எண்ணியது வேறொன்றை. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் 'கொ' அடிக்க மூன்று தட்டு வேண்டும். ஒற்றைக்கொம்புக்கு ஒன்று, க-வுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. 'க்' அடிக்க, புள்ளிக்கு ஒரு தட்டும் க-வுக்கு ஒரு தட்டும். கண்ணுக்கு ஓர் எழுத்து, விரலுக்கு இரண்டு மூன்று. கணினியும் ஏறக்குறைய அந்த விரல் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொது முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் க, ங, ச போன்ற அகர மெய்களுக்கும் அ, ஆ போன்ற உயிர்களுக்கும் ஒவ்வொரு குறியீடு. புள்ளி, கால், கொம்பு, சுழி இவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு. ஆகவே 'க' ஒன்று, 'கா' இரண்டு, 'க்' இரண்டு, 'கொ' இரண்டு, 'ஸ்ரீ' நான்கு. இலக்கணத்தில் நாம் படித்த 247 எழுத்துகள் வேறு, இந்தக் கணக்கு வேறு. எழுத்தையும் சொல்லையும் எண்ணித்தரும் இணையக் கருவிகளில் 'கேரக்டர்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் குறியீடுகளின் எண்ணிக்கைதான். படிவத்தை வடிவமைத்தவர் அதை 'எழுத்து' என்று மொழிபெயர்த்து விடுகிறார். குழந்தை அதை நம்பிவிடுகிறது.

எந்தக் கருவி எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். புதிய கருவி எதுவானாலும் முதலில் இந்த ஒரு வரியை அடித்துப் பார்ப்பேன்:

கோத்தகிரியில் இன்று கொட்டும் மழை.

இதை விரல் விட்டு எண்ணுங்கள். சொல் 4. தமிழ் எழுத்து 16 (7, 3, 4, 2). இடைவெளி 3, முற்றுப்புள்ளி 1. ஆக, நம் கண்ணுக்கு 20. குறியீடுகளாக எண்ணினால் எழுத்துகளுக்கு 29, இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து 33. இனி கருவி காட்டும் எண்ணைப் பாருங்கள்.

33 என்று காட்டினால் அது குறியீடுகளை எண்ணுகிறது. பெரும்பாலான இலவசக் கருவிகள் இந்த வகைதான். இடைவெளி நீங்கலாக என்ற கட்டத்தில் 30 இருக்க வேண்டும். 20 என்று காட்டினால் தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணுகிற நல்ல கருவி. 91 என்று வந்தால் அது பைட் கணக்கு, அதாவது கணினியில் சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் அளவு. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் இடம் வேண்டும், இடைவெளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஒவ்வொன்று. 35 வந்தால் கருவியில் பிழை இல்லை, நீங்கள் ஒட்டிய எழுத்தில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சொல் எண்ணிக்கையில் 4 வராமல் 0 வந்தால் அந்தக் கருவிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும், மூடிவிடுங்கள். 13 வந்தால் அதையும் மூடிவிடுங்கள். அது புள்ளியையும் கொம்பையும் கண்ட இடத்திலெல்லாம் சொல்லை உடைக்கிறது. கோத்தகிரியை 'க', 'த', 'தக', 'ர' என்று நறுக்கிப் போட்டு, மழையை 'மழ' ஆக்கிவிடும்.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கூகுள் டாக்ஸிலோ (கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண்ணிக்கைப் பெட்டி வரும்) லிப்ரே ஆஃபிஸிலோ வேலை செய்கிறவர்களும் ஒரு தடவை இந்த வரியை அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பைத்தான் என்ற நிரல்மொழியில் 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூலத் தொகுப்பு இருக்கிறது. அது சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும்.

இப்போது அந்த மாணவியின் கணக்கைப் பாருங்கள். நம் சோதனை வரியில் கண்ணுக்கு 20 இருப்பது கருவிக்கு 33. அதே விகிதத்தில் அவளுடைய 900, கருவிக்கு 1480-க்கு மேல் போயிருக்கும். 1000 வந்ததும் பெட்டி மூடிக்கொண்டது. ஆகவே படிவத்தில் 1000 என்றிருந்தால் 600 எழுத்துக்குள் எழுதுங்கள், 500 என்றால் 300. பைட் கணக்கில் வெட்டும் படிவமாக இருந்தால் 500-க்கு 110 எழுத்துகூடத் தேறாது. இது தோராயம்தான். ஆனால் எழுத உட்காரும்போதே இது மனத்தில் இருந்தால், முழுதாக எழுதிவிட்டுப் பிறகு கைகால் வெட்டுகிற வேதனை இராது.

குறுஞ்செய்திக்கும் இதே சங்கதிதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் என்றால் 70. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67. எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு நான்தான் செய்தி அனுப்புகிறேன். "நாளை காலை 10 மணிக்குக் குழுக் கூட்டம். பாஸ்புக் கொண்டு வாருங்கள்." இது குறியீட்டுக் கணக்கில் 65. ஒரே செய்தியில் அடங்கிவிடும். மரியாதைக்காக இறுதியில் ஓர் இடைவெளி விட்டு "நன்றி." என்று சேர்த்தால் 72. ஒரு நன்றிக்காக ஒவ்வொருவருக்கும் இரண்டு செய்தி போகும். மழை நாளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஹட்டிகளில் ஒரு துண்டு முன்னாலும் ஒரு துண்டு பின்னாலும் போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். நன்றியைக் கூட்டத்தில் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

எண்ணுவதற்கு முன் எழுத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்

பென் டிரைவில் கொண்டுவருகிற பழைய கோப்புகள் பல, வானவில், பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை. அதை நகலெடுத்துக் கருவியில் ஒட்டினால் தமிழ் இராது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த ஒரு குப்பை வரும். கருவி அதையும் கடமையாக எண்ணி ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முதலில் என்எச்எம் கன்வெர்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவை விடாதவர்கள் இன்னும் கடைக்கு வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், விரல் பழகிய பலகையை விடுவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

மாற்றிய பிறகும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, கொ, கோ, கௌ. சில மாற்றிகள் 'கொ'வை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று உடைத்துத் தருகின்றன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டு குறியீடு மூன்றாகிவிடும். மேலே சொன்ன 35 அங்கேதான் வருகிறது, கோ-வுக்கு ஒன்றும் கொ-வுக்கு ஒன்றும் கூடியது. இன்னொன்று, 'கௌரவம்' என்ற சொல்லைக் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்து எழுதுகிற பழக்கம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அது 'கெ-ள-ரவம்'. எழுத்து ஒன்று கூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், தேடினால் அந்தச் சொல் கிடைக்கவே கிடைக்காது. இதைக் கண்டால் நான் காசு வாங்காமலே திருத்திக் கொடுத்துவிடுவேன்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் வரி முடிவில் சொற்கள் இரண்டாக உடைந்து வரும், கொம்பும் எழுத்தும் இடம் மாறும். முடிந்தவரை மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சொல் கணக்கு

'300 சொற்களுக்குள்' என்று ஒரு போட்டி. ஒருவர் எழுதியது 280, இன்னொருவர் எழுதியது 330. இருவரும் எழுதிய செய்தி ஒரே அளவாக இருக்கலாம். கருவி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. "வண்டி வந்து கொண்டு இருந்தது" என்றால் நான்கு. "வண்டி வந்துகொண்டிருந்தது" என்றால் இரண்டு. இரண்டுமே நம் பத்திரிகைகளில் வருகின்றன.

நான் கடைப்பிடிப்பது இது: துணைவினையை முதல் வினையோடு சேர்த்தே எழுதுவேன். வந்துவிட்டது, சொல்லிக்கொண்டான், எழுதியிருக்கிறாள். இது படிப்பதற்கும் நன்றாக இருக்கிறது, எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கவே பெயர்ச்சொற்களை ஒட்டுவதை ஏற்க மாட்டேன். 'தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு' நான்கு சொல். அதை ஒரே நீளமாக ஒட்டி ஒரு சொல்லாக்கிக் காட்டினால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். அதைச் செய்யச் சொல்லிக் கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

'1908-இல்' என்று கோடு போட்டால் சில கருவிகள் ஒன்று என்கின்றன, சில இரண்டு என்கின்றன. 'உதகை – குன்னூர்' என்று இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கோடு போட்டால், இடைவெளியை மட்டும் பார்க்கிற கருவி அந்தக் கோட்டையும் ஒரு சொல்லாக எண்ணும். வரம்புக்கு ஐந்தாறு சொல் குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள், இந்தச் சில்லறைகளெல்லாம் அதில் அடங்கிவிடும்.

எந்தச் சொல் எத்தனை முறை

கருவியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அளவுக்குள் அடக்குவது பிறர் வைத்த விதிக்காக. இது நம் எழுத்துக்காக.

நான் பயன்படுத்துவது வாயன்ட் டூல்ஸ். ஸ்டீபன் சின்க்ளேர், ஜெஃப்ரி ராக்வெல் என்ற இரண்டு பேராசிரியர்கள் உருவாக்கிய இலவசத் தளம். கணக்குத் திறக்க வேண்டாம். பெரிய பெட்டியில் கட்டுரையை ஒட்டி 'ரிவீல்' பொத்தானை அழுத்தினால் போதும். அடிக்கடி வரும் சொற்கள் பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் ஒரு சொல் மேகம் வரும். பக்கத்தில் எண்ணிக்கைப் பட்டியலும், ஒவ்வொரு சொல்லும் எந்த வரியில் வந்தது என்று முன்பின் சொற்களோடு காட்டும் கட்டமும் இருக்கும். இங்கேயும் சோதனை வரியை முதலில் போடுங்கள். சொற்கள் உடைந்து வந்தால், ஒட்டுவதற்கு முன் விருப்பங்களில் சொல் பிரிக்கும் முறையை இடைவெளிக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

மாணவியின் கட்டுரையை நாங்கள் இருவரும் இதில் போட்டுப் பார்த்தோம். முதலில் பெரிதாக நின்றவை 'ஒரு', 'என்று', 'இந்த', 'அந்த'. எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் இவைதான் முன்னால் நிற்கும். எண்ணாமல் விட வேண்டிய சொற்களுக்கென்று இருக்கும் விலக்குச் சொல் பட்டியலில் இவற்றைச் சேர்த்துவிட்டால் மேகம் தெளியும். தெளிந்ததும் அவள் முகம் மாறியது. தலைப்பே ரயில், ஆனால் 'ரயில்' சிறியதாக ஓர் ஓரத்தில் இருந்தது.

காரணம் நம் மொழியின் இயல்பு. ரயில், ரயிலில், ரயிலின், ரயிலுக்கு, ரயிலை என்று வேற்றுமை ஏறும்போதெல்லாம் கருவிக்கு அது புதிய சொல். இதற்கு ஒரு வழி இருக்கிறது, நானே பலமுறை தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். தேடல் கட்டத்தில் சொல்லின் தொடக்கத்தை அடித்து உடுக்குறி (*) போட்டால், அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் கூட்டித் தரும். ஆனால் 'ரயில்*' என்று போட்டால் ரயிலில் கிடைக்காது. புள்ளியை நீக்கி 'ரயில*' என்று போட வேண்டும். புள்ளிக்குத் தனிக் குறியீடு என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவுகிறது. 'ரயில' என்ற தொடக்கத்துக்குள் புள்ளி ஏறிய ல், சுழி ஏறிய லி, கால் ஏறிய லா எல்லாம் அடங்கும். 'நாடு' தேட 'நாட*' போட்டால் நாடும் வரும், நாட்டில் என்பதும் வரும். நாடகமும் கூட வந்துவிடும், அதைக் கண்ணால் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும். மரத்துக்கு 'மர*' என்று போட்டு மரபையும் மரணத்தையும் கழித்திருக்கிறேன்.

கூட்டிப் பார்த்தபோதும் கணக்கு முழுமையாகவில்லை. அவள் சில இடங்களில் 'இரயில்' என்றும் ஓரிடத்தில் 'ரெயில்' என்றும் எழுதியிருந்தாள். ஊரின் பெயரும் அப்படித்தான்: ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் இருந்தன. கையால் எழுதிய நோட்டில் இது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். பட்டியலை அகர வரிசையில் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு இந்தக் கருவியின் மேல் மதிப்பு வந்ததற்கு இது ஒன்றே போதும். அவளே யோசித்து 'ரயில்', 'உதகை' என்று முடிவு செய்து எல்லா இடங்களிலும் மாற்றினாள்.

அடுத்தது 'மிகவும்'. பதினோரு முறை. மிகவும் பழமையான ரயில், மிகவும் அழகான பாதை, மிகவும் செங்குத்தான ஏற்றம். ஒவ்வொரு வரியாக எடுத்துப் படித்தோம். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது, 1908-இல் உதகை வரை நீண்டது என்று அவளே அடுத்த வரியில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு 'மிகவும் பழமையான' எதற்கு? பன்னிரண்டடி போனால் ஓரடி உயர்கிற பாதை, நடுவில் பல்சக்கரம் கடித்து ஏறுகிற தண்டவாளம் என்று சொன்ன பிறகு 'மிகவும் செங்குத்தான' எதற்கு? ஒன்பதை நீக்கினாள். இரண்டை வைத்துக்கொண்டாள். தாத்தா மிகவும் குறைவாகவே பேசுவார் என்ற வரியில் அது இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

'பிரேக்ஸ்மேன்' ஏழு முறை வந்திருந்தது. அதைத் தொடவிடவில்லை. ஒரே சொல் திரும்ப வருவதே குற்றம் என்று நினைத்து ஊழியர், பணியாளர், கடமை வீரர் என்று மாற்றி மாற்றி எழுதினால் படிக்கிறவருக்கு நான்கு பேர் இருப்பதாகத் தோன்றும். மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று, சைகை பார்த்துக் கையால் பிரேக் பிடிப்பார். அவருக்கு அதுதான் பெயர். எண் மட்டும்தான் கருவியிடம் இருக்கிறது. எது பழக்கத்தால் வந்த திரும்பல், எது தேவையான திரும்பல் என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

வேறு சில எண்களையும் இந்தத் தளங்கள் காட்டும். வாசிப்பு எளிமை மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். 1948-இல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் ஆங்கிலத்துக்காக வகுத்த சூத்திரமும் அது போன்றவையும்தான் அங்கே ஓடுகின்றன, தமிழுக்கு அவை பொருந்தா. வாக்கியத்தின் சராசரி நீளம் பயனுள்ளது, ஆனால் '46 கி.மீ.' என்பதில் இருக்கும் புள்ளிகளைக்கூடச் சில கருவிகள் வாக்கிய முடிவு என்று எண்ணிவிடும். படிக்க ஆகும் நேரமும் ஆங்கில வேகத்தில் போட்ட கணக்கு. நம் சொற்கள் நீளமானவை. மேடையில் பேசுவதற்கென்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். நான் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 சொல் போகிறது. உங்களுடையதை நீங்களே ஒரு தடவை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மனுக்களில் ஆதார் எண், குடும்ப அட்டை எண், நோய் விவரம், சொத்துத் தகராறு எல்லாம் இருக்கும். அவற்றை வழியில் போகிற தளத்தில் ஒட்டாதீர்கள். சில கருவிகள் நம் கணினிக்குள்ளேயே எண்ணுகின்றன, சில தங்கள் சர்வருக்கு அனுப்பி எண்ணுகின்றன. கண்டுபிடிப்பது எளிது: பக்கம் முழுதாகத் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதனை வரியை அடியுங்கள். எண் மாறினால் கணக்கு உங்கள் கணினியிலேயே நடக்கிறது. பனி இறங்கிச் சிக்னல் போன ஒரு மாலையில், இணையம் இல்லாமலும் ஒரு தளம் எண்ணிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் இது எனக்குத் தெரிந்தது. வாயன்ட் நாம் ஒட்டுவதைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும், ஆகவே அதில் பள்ளிக் கட்டுரை போன்றவற்றை மட்டுமே போடுவேன். சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளும் வடிவமும் அதற்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. படிவத்தின் பெட்டியில் ஒட்டிய பிறகு மேலே பார்க்காதீர்கள், அடியில் போய்க் கடைசிச் சொல்லைப் பாருங்கள். உங்கள் கோப்பின் கடைசிச் சொல்லும் அதுவும் ஒன்றாக இருந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அந்த மாணவி தை மாதத்தில் வேறொரு போட்டிக்கு அதே கட்டுரையைச் சுருக்கி எழுதினாள். வரம்பு 1000, கருவியில் 968. ஒட்டிவிட்டுப் பெட்டியின் அடி வரை இழுத்துக் காட்டினாள். கடைசி வரியில் தாத்தா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.